சென்னை வழக்குகள் செதுக்கிய அரசமைப்புச் சட்டம்

கோட்டையில் ஆரம்பித்து கடற்கரை ரயில் நிலையம் வரை ராஜாஜி சாலையில் நடந்தால் மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். இந்திய அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தை எப்படிப் பங்கு போட்டிருக்கிறது என்பதைப் பார்க்க இதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை. ரிசர்வ் வங்கி, தலைமை அஞ்சலகம், சுங்க இல்லம், எதிர்ப்பக்கம் நீளும் துறைமுகம், கடைசியில் ரயில் நிலையம் எல்லாம் ஒன்றிய அரசின் கையில் இருப்பவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், சிக்னலில் வண்டியை மடக்கும் போலீஸும் மாநில அரசு. நடைபாதையும் குப்பைத் தொட்டியும் மாநகராட்சி. பாரிமுனையில் நிற்கும் உயர் நீதிமன்றம் இவர்கள் யாருக்கும் கட்டுப்படாமல் எல்லோரையும் கேள்வி கேட்பது. சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டையோ ராணுவத்துக்கும் தொல்லியல் துறைக்கும் உட்பட்ட வளாகம். மாநில அரசு அங்கே குடித்தனக்காரர் மாதிரிதான்.

இந்தப் பங்கீட்டுக்கு ஆதாரம் ஏழாவது அட்டவணை. 1950-ல் அதில் ஒன்றியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலப் பட்டியலில் 66, இரண்டு அரசுகளும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் 47. ரயில்வே, அஞ்சல், பெரிய துறைமுகங்கள், சுங்க வரி முதல் பட்டியலில். காவல்துறை, நிலம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி இரண்டாவதில். எந்தப் பட்டியலிலும் வராத மிச்சம் மீதி எல்லாம் ஒன்றியத்துக்கே என்கிறது 248-வது பிரிவு. அமெரிக்காவில் இது தலைகீழ். மிச்சம் அங்கே மாநிலங்களுக்கு. இந்தியக் கூட்டாட்சி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பது இந்த ஒரு பிரிவிலேயே விளங்கிவிடும்.

சண்டை பெரும்பாலும் வருவது பொதுப்பட்டியலில். ஒரே விஷயத்தில் நாடாளுமன்றமும் சட்டப்பேரவையும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆனால் 254-வது பிரிவு ஒரு சந்து விட்டிருக்கிறது: மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் அதுவே செல்லும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பின் ஜல்லிக்கட்டு இந்த வழியில்தான் மீண்டது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியல் விஷயம் என்பதால் 1960-ம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தம் செய்து ஒப்புதல் வாங்கினார்கள். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. நீட் விலக்கு மசோதாவும் அதே வழியில்தான் போனது, ஒப்புதல் கிடைக்கவில்லை. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-வது திருத்தம்தான் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. நீட் பற்றிய எந்த விவாதமும் சுற்றிச் சுற்றி அந்தத் திருத்தத்தில் போய் முட்டுவது இதனால்தான்.

சரி, மொத்த நூலின் அமைப்பு என்ன? 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது 22 பகுதிகள், 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். முகவுரை, பிறகு நாட்டின் எல்லை, குடியுரிமை, அடிப்படை உரிமைகள், வழிகாட்டு நெறிமுறைகள், ஒன்றிய அரசு, மாநில அரசு, நீதிமன்றங்கள், தேர்தல், மொழி, நெருக்கடி நிலை, திருத்தும் முறை என்று அது போகும். இன்று அட்டவணைகள் 12; திருத்தங்கள் நூறைத் தாண்டிவிட்டன. இவ்வளவு நீளத்துக்கு முக்கியக் காரணம், 1935-ம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து நிர்வாக விவரங்களைப் பெருமளவு எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதிகள் அலுவலகக் கையேடு மாதிரி வறட்சியாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த அடிப்படை உரிமைகள், வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவைதான் பழைய ஏற்பாட்டை வேறொன்றாக மாற்றின.

அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் சென்னையின் பங்கு சின்னதல்ல. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என்.கோபாலசாமி ஐயங்கார், பிறகு வந்து சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி மூவரும் இங்கிருந்து போனவர்கள். ஆனால் எழுதியதைவிட, எழுதி முடித்த பின் நடந்ததில்தான் சென்னையின் கைவரிசை அதிகம் என்பேன். புதிய சட்டத்தின் பிரிவுகளை முதலில் உரசிப் பார்த்த வழக்குகளில் எத்தனையோ இந்த மாகாண அரசை எதிர்த்து வந்தவை.

முதலாவது ஏ.கே.கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவரான அவர் தடுப்புக் காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். அவருக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். சட்டப்படி வகுத்த நடைமுறையின்றி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 21-வது பிரிவு. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்பதே கேள்வி. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைப் போட்டிருந்தாலே போதும் என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டது. நீதிபதி பசல் அலி ஏற்கவில்லை. அவர் பக்கம் சரி என்று நீதிமன்றம் வந்துசேர 1978 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, ஆனது.

இது பழங்கதை என்று தோன்றலாம். சென்னையில் 'குண்டாஸ்' என்று எல்லோரும் சொல்லும் 1982-ம் ஆண்டுச் சட்டம் அதே தடுப்புக் காவல் வகையைச் சேர்ந்ததுதான். மாநகரக் காவல் ஆணையர் ஒரு உத்தரவில் ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்; குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. இதற்கு அரசமைப்பிலேயே, அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, 22-வது பிரிவில் இடம் இருக்கிறது. உலகின் பல ஜனநாயகங்கள் போருக்கென்று ஒதுக்கி வைத்ததை நாம் சாதாரண நாளுக்கும் எழுதி வைத்தோம். அதே பிரிவு சில கடிவாளங்களையும் போட்டது: காவலுக்கான காரணங்களைச் சொல்ல வேண்டும், முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் போனால் ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழக்கறிஞர், கைதானவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற பக்கமே போகமாட்டார். கைதானவருக்குக் கொடுத்த ஆவணங்களில் படிக்க முடியாத பக்கம் உண்டா, அவருக்குத் தெரிந்த மொழியில் நகல் போனதா, முறையீட்டைப் பரிசீலிக்க அரசு எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்று தேதி தேதியாகத் துருவுவார். காரணம் சொல்லாத தாமதம் ஒன்று அகப்பட்டால் உத்தரவே ரத்தாகிவிடும். உரிமை என்பது நடைமுறையில் பெரும்பாலும் இப்படிக் காகிதங்களுக்குள்தான் காப்பாற்றப்படுகிறது.

அடுத்தது ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயில் வெளியான 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று 1950 மார்ச் 1 அன்று இங்கே தடை போட்டார்கள். காரணம், பொது அமைதி. இதழின் ஆசிரியரான தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடிப்படை உரிமை மீறப்பட்டால் யாரும் அப்படிப் போகலாம் என்கிறது 32-வது பிரிவு. அந்த வழியே ஒரு அடிப்படை உரிமை. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த 19(2) பிரிவு அன்று அனுமதித்த காரணங்களில் அரசின் பாதுகாப்பு இருந்தது; பொது ஒழுங்கு இல்லை. இல்லாத காரணத்தைக் காட்டித் தடை போட முடியாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி. பிறகு தலைமை நீதிபதியான அவரே 1952-ல் வி.ஜி.ராவ் வழக்கில் இன்னொன்றையும் செய்தார். உரிமைக்குப் போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது? எந்த உரிமை, எந்தத் தீமையைத் தடுக்க, எவ்வளவு அவசரம், கட்டுப்பாடு அளவுக்கு மீறியதா, அன்றைய சூழல் என்ன என்று அவர் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வழக்கிலும் எதிராளி சென்னை அரசுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய அதிர்வைக் கொடுத்தது செண்பகம் துரைராஜன் வழக்கு. வகுப்புவாரி அரசாணை, அன்றைய பேச்சில் கம்யூனல் ஜி.ஓ., மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. அதில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அன்றைய சொல்லில் ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. நீதிக்கட்சிக் காலத்தில் வேர்விட்ட ஏற்பாடு அது. மருத்துவப் படிப்புக்காகச் செண்பகமும், பொறியியலுக்காக சி.ஆர்.சீனிவாசன் என்ற மாணவரும் உயர் நீதிமன்றம் போனார்கள். செண்பகம் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அரசு அதை ஆட்சேபிக்காததால் வழக்கு நின்றது. சீனிவாசனுக்காக வாதாட வந்தவர் யார் தெரியுமா? வரைவுக் குழுவில் இருந்த அதே அல்லாடி. தான் சேர்ந்து எழுதிய சட்டத்துக்குத் தானே பொருள் சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அரசு தோற்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் தர்க்கம் அமைப்பு சார்ந்தது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். அரசுக் கல்வி நிலையங்களில் சாதி, மத காரணத்தால் மட்டும் யாருக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது 29(2). நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்கிறது 46. முன்னது அடிப்படை உரிமை, பின்னது வழிகாட்டு நெறிமுறை. இரண்டும் மோதினால் உரிமைதான் மேலே என்றார்கள். வேலைவாய்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க 16(4) தெளிவாக அனுமதித்தது. கல்வியில் அப்படியொரு வரி இல்லை. இல்லாததை நீதிமன்றம் சேர்த்து வாசிக்கவில்லை.

பெரியார் உள்ளிட்டோர் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்து பதினேழு மாதம்கூட ஆகவில்லை. முதல் பொதுத் தேர்தலும் நடக்கவில்லை. 1951 ஜூன் 18 அன்று முதல் திருத்தம் வந்தது. செண்பகம் தீர்ப்புக்குப் பதிலாக, கல்வியிலும் இட ஒதுக்கீட்டை அனுமதிக்கும் 15(4) நுழைந்தது. தாப்பர் தீர்ப்புக்கும், அதே நாளில் வந்த டெல்லிப் பத்திரிகை வழக்கின் தீர்ப்புக்கும் பதிலாக 19(2)-ல் பொது ஒழுங்கு சேர்ந்தது. கூடவே கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதை நீதிமன்றங்கள் பிறகு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. ஒரே திருத்தம் இட ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது, பேச்சுரிமையைச் சுருக்கியது. முன்னதைக் கொண்டாடுகிற நாம் பின்னதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நெறிமுறைகள் கீழே என்றால் அவை வெறும் அலங்காரமா? நீதிமன்றம் வழியே அவற்றை அமல்படுத்த முடியாது, ஆனால் ஆட்சிக்கு அவை அடிப்படை என்று 37-வது பிரிவு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது 47-வது பிரிவு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் சொத்துரிமையின் பேரில் வழக்குகளில் மாட்டிக்கொண்டிருந்தன. பீகார் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்தே செய்திருந்தது. அதனால் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்றை உண்டாக்கி, அதில் போடும் சட்டங்களை அடிப்படை உரிமை மீறல் என்று சொல்லி ரத்து செய்ய முடியாது என்றார்கள். முதலில் போட்டவை 13. அவற்றில் இரண்டு சென்னை மாகாணத்துடையவை. இப்போது 284. நிலச் சீர்திருத்தத்துக்கென்று வந்த இடத்தில் என்னென்னவோ குடியேறிவிட்டது.

அப்படியானால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? 368-வது பிரிவு வழிமுறையைச் சொல்கிறது: ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டாட்சி சார்ந்தவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். எல்லை எது என்று அது சொல்லவில்லை. 1967-ல் கோலக்நாத் வழக்கில் அந்த எல்லையைப் பற்றி வாதாடியவர்களில் கோபாலனுக்காக வந்த அதே நம்பியாரும் ஒருவர். திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் டீட்டர் கான்ராடின் கருத்தை அவர் அங்கே வைத்தார். ஹிட்லர் காலத்தைப் பார்த்த நாட்டிலிருந்து வந்த கருத்து அது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் ஏற்றார்கள்: திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கக் கூடாது. எது அடிப்படை என்று முழுப் பட்டியல் கிடையாது. மதச்சார்பின்மை, கூட்டாட்சி, நீதிமன்றச் சீராய்வு என்று தீர்ப்புக்குத் தீர்ப்பு வளர்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் இப்படி ஒரு வேலி போடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் 42-வது திருத்தம், திருத்தங்களை நீதிமன்றம் கேள்வியே கேட்கக் கூடாது என்று எழுதிய காலத்தைப் பார்த்தால், வேலி இருப்பது மேல் என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேலி நேரடியாக வேண்டிய விஷயம். 1992-ல் மண்டல் வழக்குத் தீர்ப்பு இட ஒதுக்கீட்டுக்கு 50 விழுக்காடு என்ற உச்சவரம்பைச் சொன்னது. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 என்று இங்கே 69. அதைக் காக்க 1994-ல் தனிச் சட்டம் போட்டு, 76-வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றினார்கள். செண்பகம் வழக்கையொட்டி வந்த திருத்தம் பெற்ற அட்டவணை, செண்பகம் கிளப்பிய பிரச்சினைக்கே கேடயமானது. ஆனால் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தை அந்த அட்டவணையில் போட்டதை எதிர்த்த வழக்கொன்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் முன் முடிந்தது. கொயெலோ எதிர் தமிழ்நாடு அரசு என்பது அதன் பெயர். கேசவானந்த பாரதி தீர்ப்பு நாளுக்குப் பின் அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் பார்க்கலாம் என்றது தீர்ப்பு. அதன்படி 69 விழுக்காட்டுச் சட்டமும் பரிசோதனைக்கு உட்பட்டதே. கேடயம் இருக்கிறது, முழுக் கேடயம் இல்லை.

ஆளுநர் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழகிப்போனது. மசோதாவுக்கு ஒப்புதல் தருவது, திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைப்பது எல்லாம் 200-வது பிரிவில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்பது இல்லை. பேரவை மறுபடி நிறைவேற்றிய 10 மசோதாக்கள் விஷயத்தில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு வகுத்து, அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. காரணமின்றிக் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லலாம் என்பதோடு நின்றது. மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வழிவிடும் 356-வது பிரிவின் கதையும் இங்கே நீளம்: 1976, 1980, 1988, 1991 என்று ஆட்சிகள் கலைக்கப்பட்டன. 1991-ல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைப்பு நடந்தது. ஆளுநர் அறிக்கை இல்லாமல் வேறு வகையில் தெரியவந்தாலும் போதும் என்று அந்தப் பிரிவு இடம் விட்டிருந்தது. 1994-ல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மையின் வழக்கு, பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவைதான் என்று சொன்ன பிறகே அந்தப் பழக்கம் அடங்கியது.

இன்னொரு விசித்திரம். ஏழாவது அட்டவணையில் ஒரு வரியை மாற்றப் பாதி மாநிலங்களின் சம்மதம் வேண்டும். ஒரு மாநிலத்தையே இரண்டாக வெட்ட 3-வது பிரிவின் கீழ் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலப் பேரவையின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. 1953-ல் ஆந்திரா பிரிந்ததும், 1956-ல் கன்னியாகுமரி சேர்ந்ததும், 1969 ஜனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதும் இந்த எளிய வழியில்தான். எளிமை இதுவரை நமக்குச் சாதகமாகவே வேலை செய்ததால் இதன் ஆபத்து நம் கண்ணில் அதிகம் படவில்லை.

மூன்றாவது அடுக்கான உள்ளாட்சி அரசமைப்புக்குள் வந்தது 1993-ல். அதற்கு முன் மாநகராட்சி என்பது மாநில அரசு நினைத்தால் கலைத்துவிடக்கூடிய ஒன்று. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சியே 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. 74-வது திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. அப்புறமும் 2016-ல் பதவிக்காலம் முடிந்து, இட ஒதுக்கீட்டு வழக்குகள், தள்ளிவைப்புகள் எல்லாம் கடந்து, 2022 பிப்ரவரியில்தான் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு 200 கவுன்சிலர்கள் வந்தார்கள். தேர்தலைக் கட்டாயமாக்கிய திருத்தம், அதிகாரத்தைக் கொடுப்பதை மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் இருக்கின்றன. அவற்றில் குடிநீர், சென்னையில் 1978-ல் உருவான குடிநீர் வாரியத்திடம். நகரத் திட்டமிடல் சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். இரண்டும் மாநில அரசின் கீழ். தெருவில் ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, அதற்குப் பக்கத்திலேயே புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது. டிசம்பர் மழையில் இரண்டும் கலந்து வீட்டு வாசலில் நிற்கும்போது வார்டு கவுன்சிலருக்குத்தான் முதலில் போன் போகிறது. அவர் பாதித் தண்ணீருக்குத்தான் பொறுப்பு.